ஒரு மதத்தின்மேல் பற்று வைத்துக்கொண்டே பிற மதங்களை மதிக்க முடியுமா?

உங்களுக்குப் பிடித்த மதம் எது, அதன்மேல் பற்று வைத்துக்கொண்டே பிற மதங்களை மதிக்க முடியுமா என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த மதம் சைவம். கேள்வியின் முதல் பாதிக்கு இதுதான் பதில். சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய நாகைக் காரோணம் சிவன் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தேவாரம் காதில் விழுந்துவிட்டது. வேறொரு வீட்டில் பிறந்திருந்தால் வேறொன்று பிடித்திருக்கும் என்பதும் தெரியும். அது தெரிந்ததால் இந்தப் பற்று குறைந்துவிடவில்லை. தாய்மொழியும் அப்படித்தானே வாய்க்கிறது.

கேட்டவர் ஒரு சம்பவத்தையும் எழுதியிருக்கிறார். பழனியிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தபோது, கிறிஸ்தவத் தோழி ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "எல்லா மதமும் ஒன்றுதான் என்று நினைக்கிற எனக்கு அது அவமரியாதையாக இருந்தது" என்கிறார்.

அந்த "எல்லா மதமும் ஒன்றுதான்" என்பதில்தான் சிக்கலே இருக்கிறது என்று நினைக்கிறேன். இறைவனுக்கு உருவமில்லை, இணையில்லை என்பது முஸ்லிமின் நம்பிக்கை. நான் நந்தியின் காதில் குறை சொல்லிவிட்டு வருகிறவள். உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்பது சமணம். கிறிஸ்துவின் சிலுவை மரணத்தில்தான் மீட்பு என்பது கிறிஸ்தவம். இவை நான்கும் ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் நால்வரில் யாருடைய பேச்சையும் காது கொடுத்துக் கேட்காமல் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற இந்துக்கள். நமக்கு இன்னொரு சாமியைக் கும்பிடுவதில் சிரமம் இல்லை. பூஜை அறையில் வேளாங்கண்ணி மாதா படமும் இருக்கும். அந்தத் தாராளம் நல்லதுதான். ஆனால் அதையே அளவுகோலாக்கி, "நான் உன் கோயிலுக்கு வருகிறேனே, நீ ஏன் என் கோயிலுக்கு வருவதில்லை" என்று கேட்டால், நம் வழக்கத்தை அவர்மேல் திணிக்கிறோம் என்றுதான் அர்த்தம். நமக்குச் செலவில்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவருக்கு மிகப் பெரிய விலை உள்ள ஒன்றைக் கேட்கிறோம்.

பஞ்சாமிர்தத்தைத் தோழி மறுத்ததற்கு அவருடைய வேதத்தில் காரணம் இருக்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணலாமா என்பது கிறிஸ்தவம் தோன்றிய காலத்திலேயே எழுந்த கேள்வி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரம் முழுக்க அதைப் பற்றியதுதான். குர்ஆனிலும் இரண்டாம் அத்தியாயத்தின் 173ஆம் வசனம், அல்லாஹ் அல்லாத பெயர் சொல்லப்பட்டதை உண்ணக் கூடாது என்கிறது. அதைப் படையலுக்கும் பொருத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. வாங்கிக்கொள்கிற கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நிறையவே இருக்கிறார்கள். வாங்காதவர் நம்மைத் தள்ளிவைக்கவில்லை, தன் கடவுளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். ஏகாதசியன்று சோறு வேண்டாம் என்று நாம் சொன்னால் பரிமாறுகிறவர் கோபித்துக்கொள்வாரா?

எங்கள் அம்மாவுக்கு இது யாரும் சொல்லித் தராமல் தெரிந்திருந்தது. விநாயகர் சதுர்த்தியன்று சுண்டல் தாளித்து இறக்கியதும், படையலுக்கு எடுப்பதற்கு முன்பாகவே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார். அது பக்கத்து மரைக்காயர் வீட்டு மாமிக்கு. "இது சாமிக்கு வைக்காதது" என்று சொல்லித்தான் கொடுத்தனுப்புவார். ரமலான் மாதம் வந்தால் அந்த வீட்டில் எங்களுக்காகக் கறி போடாத நோன்புக் கஞ்சி தனிச் சட்டியில் கொதிக்கும். கரண்டியைக்கூட மாற்றிப் போடமாட்டேன் என்று மாமி சொன்னதுண்டு. இரண்டு பேரும் மதங்கள் ஒன்று என்று ஒருநாளும் சொன்னதில்லை. என்ன வேறுபாடு, அது எந்தச் சட்டியில் தொடங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

மத நல்லிணக்கம் என்றாலே எங்கள் ஊர்ப் பக்கம்தான் கேமராக்கள் வரும். வருவதில் தவறில்லை. நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களில், அதாவது கோபுரங்களில், 131 அடி உயரமான பெரிய மனோராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குக் கொடி நாகையிலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாகப் போகும். வழி நெடுக இந்துக்கள்தான் அதிகம் நிற்பார்கள். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் சாலையை நிறைத்துவிடுவார்கள். மொட்டை, நேர்த்திக்கடன், கொடி, தேர் எல்லாம் உண்டு.

எல்லாமே நமக்குப் பழக்கமானவை என்பதைக் கவனியுங்கள். நாம் மெச்சுகிற இஸ்லாம், நம் கோயில் திருவிழாவைப் போலத் தோற்றமளிக்கும் இஸ்லாமாக இருந்துவிடுகிறது. தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு உகந்ததா என்பது முஸ்லிம்களுக்குள்ளேயே பெரிய விவாதம். அடக்கத்தலத்தில் வேண்டுவது கூடாது என்று உறுதியாக நம்புகிறவர்கள் நாகை மாவட்டத்திலும் இருக்கிறார்கள். என்னோடு வங்கியில் வேலை பார்த்த ஒருவர் அப்படிப்பட்டவர். நாகூர்க்காரர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் அவரிடம் தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவரின் புகழ் பாடத் தொடங்கிவிடுவார்கள். அவர் ஒரு புன்னகையோடு பாஸ்புக்கை நீட்டுவார். "தர்காவுக்குப் போகிறவர்தான் நல்ல பாய்" என்று யாராவது சொல்லும்போது அந்தப் புன்னகையும் நின்றுவிடும். அந்த வீட்டுச் சண்டையில் யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. தர்காவுக்குப் போகிறவரை எவ்வளவு மதிக்கிறேனோ, போக மறுக்கிறவரையும் அவ்வளவு மதிக்க வேண்டும். அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது கவுண்டரைப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் நான் செய்ய வேண்டியிருந்த வேலை.

இந்த ஊரின் பழைய கணக்கும் அத்தனை இனிப்பானதில்லை. ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்ததைச் செப்பேட்டை வைத்துப் பெருமையாகச் சொல்கிறோம். திருவரங்கத் திருப்பணிக்காகத் திருமங்கையாழ்வார் நாகையிலிருந்த பொன் புத்தரைக் கவர்ந்துசென்றார் என்று வைணவ குருபரம்பரைக் கதை சொல்வதைப் பலர் சொல்வதில்லை. அந்தப் பௌத்தத் தலத்தில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் ஏசு சபைப் பாதிரியார்கள் ஆங்கில அரசின் அனுமதியோடு இடித்தார்கள். மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகளில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பெருமை எல்லா மதத்துக்கும் உண்டென்றால், சிறுமையும் பங்குக்கு வந்துதான் ஆகும்.

என் பங்கு சம்பந்தரின் பத்தாம் பாட்டு. தேவாரம் படித்தவர்களுக்குத் தெரியும்: அவருடைய பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணன், ஒன்பதாம் பாட்டு அடிமுடி தேடிய அயனும் மாலும், பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் சாடுவது. மற்ற பாடல்களில் மயிலும் வயலும் கடலும் வந்துகொண்டிருக்கும். பத்தாவதில் திடீரென்று வசவு. "இது ஆணவ மலத்தை, அதாவது அகந்தையைக் குறிக்கும்" என்று பூசி மெழுகுகிற உரைகளைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. ஏழாம் நூற்றாண்டில் நடந்த சமயப் போட்டியின் சூடு அது, மனிதர்களைத்தான் ஏசுகிறது. நான் வீட்டில் பதிகம் பாடினால் முழுவதும் பாடுவேன், என்ன பாடுகிறேன் என்று தெரிந்தே பாடுவேன். பல மதத்தார் கூடும் பள்ளி விழாவில் பாடச் சொன்னால் அப்பரின் "மாசில் வீணையும்" போதும்.

அதே சமணத்தை ஒரு சைவர் எப்படி அணுகினார் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது உ.வே.சாமிநாதையரைத்தான். அவர் திருவாவடுதுறை சைவ மடத்தில் படித்தவர். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, சமணக் கொள்கை விளங்காமல் பல இடங்களில் பொருள் பிடிபடவில்லை. ஊகித்து எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போய், அவர்கள் நூல்களை அவர்கள் சொல்லக் கேட்டு, ஐயம் தெளிந்து, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். கடைசி வரை திருநீறு பூசிய சைவராகவே இருந்தார். தன் நெற்றியில் இருப்பதையும் அழிக்கவில்லை, அடுத்தவர் சொல்வதைத் திரிக்கவும் இல்லை. கேட்டவர் "முடியுமா" என்கிறாரே, முடிந்திருக்கிறது.

மதிப்பது என்றால் குறையே சொல்லக் கூடாது என்பதையும் நான் ஏற்பதில்லை. 1939 வரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒரு பகுதி மக்களை விடாத மதம் என்னுடையது. சாதி பார்த்துக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்த ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. இதையெல்லாம் பேசத்தான் வேண்டும். நம் வாசலில் தொடங்கிப் பேசினால் அடுத்தவரும் கேட்பார்.

இதுவரை எழுதியது எல்லாம் வேறு மதத்தில் பிறந்தவர்களைப் பற்றி. நம் வீட்டிலிருந்து ஒருவர் போகும்போதுதான் நம் மதிப்பின் ஆழம் தெரியும். என் சித்தப்பா மகள் திருமணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தாள். பொட்டும் பூவும் போயின, தோடும் போயிற்று. சொந்தக்காரர்கள் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். சித்தப்பா இறந்த அன்று வாய்க்கரிசி போடமாட்டேன் என்று அவள் சொன்னபோதுதான் வீடே வெடித்தது. "பெற்றவனுக்கு ஒரு பிடி அரிசி போட மனமில்லாதவளுக்கு இங்கே என்ன வேலை?" என்று பெரியப்பா கத்தினார். யார் பணம் கொடுத்து மாற்றினார்கள் என்று ஒரு குரல் கேட்டது. அவள் சுவரோரமாக அழுதுகொண்டு நின்றாள். நகரவும் இல்லை, அரிசியைத் தொடவும் இல்லை.

அம்மாதான் பேசினார். "படுக்கையில் கிடந்தபோது அவர் வாயில் சோறு ஊட்டியது இவள் ஒருத்திதான். இப்போது போடாவிட்டால் போகட்டும், தள்ளி நில்லுங்கள்." அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. கருமாதிக்கு அவள் வந்தாள், படையல் முடியும் வரை திண்ணையில் இருந்தாள். படைக்காத சாப்பாடு அவளுக்குத் தனியாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கும் எனக்கும் இன்றும் கருத்து ஒத்துப்போகவில்லை. ஒருநாள் நேரடியாகவே கேட்டேன்: "நான் இப்படியே செத்தால் பரலோகம் கிடையாது என்றுதானே நம்புகிறாய்?" தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம் அக்கா. அதனால்தான் தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றாள். பொய் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தாதது எனக்குப் பிடித்திருந்தது. ஜெபித்துக்கொள், ஆனால் நான் இல்லாத நேரத்தில் என் மகளிடம் இந்தப் பேச்சை எடுக்காதே, அவளுக்கு வயது வந்தபின் அவளே கேட்டால் தாராளமாகச் சொல் என்றேன். அவளும் தன் பிள்ளைகளுக்கு நான் திருநீறு பூசக் கூடாது என்றாள். சரி என்றேன். விடுமுறைக்கு அந்தப் பிள்ளைகள் இங்கேதான் வருகிறார்கள். நான் கோயிலுக்குக் கிளம்பினால் வாசல் வரை வந்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.