குட்டி நாய் பிராண்டினாலும் ஊசி போட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. தெருவில் திரியும் நாய்க்குட்டியைத் தூக்கி விளையாடும்போது முன்கையில் பிராண்டி, லேசாக ரத்தமும் வந்திருக்கிறது. திட்டுவோம் என்று பயந்து இரண்டு நாள் சொல்லவில்லை. மருந்துக்கடையில் டிடி ஊசி போட்டுவிட்டார்கள். குட்டிதானே, பத்து நாள் நாயைக் கவனித்தால் போதும் என்கிறார் மாமியார். இனிமேல் ஊசி போட்டால் பலன் உண்டா?

பதில்: உண்டு. பையனைக் கூட்டிக்கொண்டு இன்றே கிளம்புங்கள், மீதியை பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம். வெறிநாய்க்கடிக் கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும், அது போய்ச் சேருவதற்குள் தடுப்பு உடம்பில் உருவாகிவிட வேண்டும். நோய் வந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது, அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். கிளம்புமுன் அந்தக் கீறலைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், இரண்டு நாள் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

டிடி என்பது ரணஜன்னிக்கு. அதைப் போட்டுவிட்டு "நாய்க்கடிக்கு ஊசி போட்டாச்சு" என்று அனுப்பும் மருந்துக்கடைக்காரர்களை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது, அந்த ஒரு ஊசியை நம்பித்தான் ஜனங்கள் நாளைக் கடத்துகிறார்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். நாயைக் கவனிப்பதில் தப்பில்லை, ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள்.

ரத்தம் வந்திருப்பதால் உங்கள் பையனுக்கு இரண்டு மருந்து வேண்டும், பாதிப் பேர் ஒன்றோடு திரும்பிவிடுகிறார்கள். தடுப்பூசி தன் வேலையைக் காட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியைச் சமாளிக்க, தயாராக உள்ள எதிர்ப்புச் சத்தான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே செலுத்த வேண்டும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் இதைப் போட்டுவிட வேண்டும், அதற்கு மேல் போடக் கூடாது. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் தடுப்பூசிதான் இருக்கும், இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

அங்கேதான் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் வந்து ஒட்டிக்கொள்வார். "உள்ளே ஸ்டாக் இல்லை, வெளியே நான் வாங்கித் தருகிறேன்" என்பார். நம்பாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டியவை, பிளாஸ்டிக் பையில் வெயிலில் சுற்றி வந்தது வெறும் தண்ணீருக்குச் சமம். இன்னொரு கூத்தும் உண்டு. தோலுக்குள் போடும் முறையில் ஒரு குப்பியைப் பல பேருக்குப் பயன்படுத்தலாம், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் "இன்னும் நாலு பேர் சேரட்டும், நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. குப்பியை மிச்சம் பிடிக்கப் பிள்ளையைக் காத்திருக்க வைப்பது என்ன நியாயம்? நகராதீர்கள், அன்றைக்கே போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு, இதில் நிறையக் குழப்பம் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். பையனுக்கு முன்பு எப்போதாவது நாய்க்கடி ஊசி முழுதாகப் போட்டிருந்தால் இப்போது இரண்டே தவணை போதும், இன்றைக்கும் இன்றிலிருந்து மூன்று நாள் கழித்தும். இம்யூனோகுளோபுலின் வேண்டாம். முழுதாக என்றால் முழுதாகத்தான். "ரெண்டு போட்டோம், அப்புறம் நாய் நல்லா இருந்துச்சு, விட்டுட்டோம்" என்று இழுப்பவர்களைப் புதிதாகப் போடுபவர்களாகவே கணக்கில் வைக்கிறோம். முழுதாகப் போட்டதைக் காட்ட ஊசி அட்டை வேண்டும். அட்டை இல்லாமல் அம்மா சொல்வதை யாரும் ஏற்பதில்லை, மறுபடி எல்லாம் முதலிலிருந்து. எனவே இப்போது தருகிற அட்டையை ரேஷன் கார்டோடு வையுங்கள், அவன் பெரியவனான பிறகும் உதவும்.

அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுவது 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், முதல் ஊசி போடும் நாள்தான் 0. 28ஆம் நாளைத்தான் பலரும் மறக்கிறார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று யாராவது பயமுறுத்தினால் அந்தப் பழைய மருந்தெல்லாம் ஒழிந்து இருபது வருடமாகிறது என்று சொல்லுங்கள். கையில்தான் போடுவார்கள், பிட்டத்தில் போட வந்தால் நிறுத்துங்கள். பத்தியம் கிடையாது, மீன், முட்டை, கத்திரிக்காய் எல்லாம் கொடுக்கலாம்.