தை மாதத் திருமணம், மாசியில் தீவுப் பயணம்: கூட்டத்தை விட்டு விலகி இருப்பது எப்படி?

கேள்வி: எனக்குத் தை 25-ஆம் தேதி திருமணம். ஊர் பாலக்கோடு, மணமகள் காவேரிப்பட்டணம். இருவருமே இதுவரை விமானம் ஏறியதில்லை. ஊட்டி, கொடைக்கானல் என்று போகாமல், கூட்டமில்லாத ஒரு தீவில் ஒரு வாரம் இருந்துவிட்டு வர ஆசைப்படுகிறோம். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒன்றே கால் லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எங்கே, எப்போது, எப்படிப் போவது நல்லது?

பதில்: ஒகேனக்கல் உங்களுக்குப் பக்கம். ஆடிப் பெருக்கன்று அங்கே பரிசல் துறையில் நிற்க இடம் கிடைக்காது என்பதும், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதே துறையில் பரிசல்காரர்கள் ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தீவுகளுக்கும் இதே கணக்குதான். யாருக்கும் தெரியாத தீவு எது என்று தேடுவதை விட, தெரிந்த தீவில் கூட்டம் எந்த நாளில், எந்த வேளையில், எந்தக் கரையில் இருக்காது என்று தெரிந்துகொண்டு போவதே புதுமணத் தம்பதிக்கு ஏற்றது என்பது, கிருஷ்ணகிரியில் இருந்தபடி பல ஆண்டுகளாகப் பயண ஏற்பாடுகளைச் செய்து வரும் எனது உறுதியான கருத்து.

மாலத்தீவில் ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதிக்கு உரியதாக இருப்பதால் தனிமை உண்மையிலேயே கிடைக்கும். இந்தியர்கள் சுற்றுலாவுக்குப் போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தொலைவில் உள்ள விடுதிகளுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். அதற்கு மட்டுமே, போக வர, ஒருவருக்குப் பெரும்பாலும் 400 டாலரைத் தாண்டும். அந்த விமானங்கள் பகலில் மட்டுமே பறப்பதால், மாலையில் போய் இறங்குகிறவர்கள் ஓர் இரவைத் தலைநகர் மாலேயிலேயே கழிக்க நேரும். நீங்கள் ஒதுக்கிய தொகைக்குள் இது அடங்காது. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், நீங்கள் தேடும் தனிமை அங்கே இருக்காது.

லட்சத்தீவு எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்குள்ள 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்து மட்டுமே. காயலின் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஆயினும் வெளியூர்க்காரர்கள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குக் காவல்துறைச் சான்று உள்ளிட்ட ஆவணங்களைத் திரட்ட வேண்டும். அறைகளும், கொச்சியிலிருந்து செல்லும் கப்பல், விமானங்களின் இடங்களும் குறைவு. திருமண வேலைகளுக்கு நடுவில் இந்த அலைச்சல் வேண்டாம். முதலாம் ஆண்டு மணநாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கினால் நிதானமாக முடியும்.

எனவே உங்களுக்கு அந்தமான்தான். இந்தியக் குடிமக்கள் வழக்கமான சுற்றுலாத் தீவுகளுக்குச் செல்லத் தனி அனுமதி தேவையில்லை. பெங்களூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும், ஹேவ்லாக் தீவு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாறியுள்ளன. பயணச்சீட்டுகளில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டுமே வரக்கூடும், குழம்ப வேண்டாம்.

காலத்தைப் பொறுத்தவரை உங்கள் முகூர்த்தம் நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது. அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு: வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழையும், அதைத் தொடர்ந்து ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும், கூடவே வங்கக்கடல் புயல்களும் வரும். ஆவணியில் திருமணம் வைத்துக்கொண்டு உடனே அந்தமான் போக வேண்டும் என்று கேட்பவர்களை நான் தைக்குப் பிறகு போகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்; படகு நின்றுபோய், அறைக்குள்ளேயே மூன்று நாள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வருத்தத்தை நேரில் கேட்டிருக்கிறேன். தையும் மாசியும் பங்குனியும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். அதிலும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பொங்கல் விடுமுறை, குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள் ஆகியவற்றில்தான் நெரிசல் மிகுதி. நீங்கள் போகும்போது இவை எல்லாம் கடந்திருக்கும். எஞ்சியிருப்பது பிப்ரவரி 14 மட்டுமே. காதலர் தினத்துக்குப் பல விடுதிகள் சிறப்பு விருந்து என்று தனிக்கட்டணம் வைப்பார்கள். ஆகவே மாசி ஐந்து தேதிக்கு மேல், வாரத்தின் நடு நாள் ஒன்றில் புறப்படுங்கள். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு போவதற்கும் இது வசதி. தாலி கட்டிய மறுநாளே விமானம் ஏறியவர்கள், முதல் இரண்டு நாளைக் களைப்பிலேயே கழித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி இரவுகளைப் பிரித்துக்கொள்வது. பொதுவாக விற்கப்படும் பேக்கேஜில் ஸ்ரீ விஜயபுரத்தில் இரண்டு இரவு, ஸ்வராஜ் தீவில் இரண்டு, ஷஹீத் தீவில் ஒன்று அல்லது ஒரு பகல் மட்டும் என்று இருக்கும். எல்லா நிறுவனங்களும் இதே வரிசையில் ஆட்களை அனுப்புவதால்தான், ஒரே வேளையில் ஒரே கரையில் எல்லோரும் கூடுகிறார்கள். நீங்கள் இதை மாற்றி, முதல் இரவு ஸ்ரீ விஜயபுரம், அடுத்த மூன்று இரவுகள் ஷஹீத் தீவு, பிறகு இரண்டு இரவுகள் ஸ்வராஜ் தீவு, கடைசி இரவு மீண்டும் ஸ்ரீ விஜயபுரம் என ஏழு இரவுகளாகக் கேளுங்கள். ஷஹீத் தீவு சிறியது. வாழைத் தோப்பும் காய்கறித் தோட்டமும் வயலுமாக இருப்பதால் நம் ஊர்ப்புறத்தில் நடப்பது போலவே தோன்றும், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். அங்கே காலைப் படகில் வருகிறவர்களில் பலர் பிற்பகலில் திரும்பிவிடுவார்கள். அவர்கள் போன பிறகும், மறுநாள் அவர்கள் வருவதற்கு முன்பும், தீவு தங்கியிருப்பவர்களுக்கே உரியது.

ஒரு மாசி மாதத்தில் நானும் என் மனைவியும் அங்கே சீதாபூர் கரைக்கு விடியற்காலையில் போனோம். மணலில் மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. சிறு நண்டுகள் நீர் வற்றிய நேரத்தில் மணலைச் சல்லடை செய்து, கடுகளவிலும் மிளகளவிலும் உருண்டைகளாக உருட்டி, தங்கள் வளையைச் சுற்றிக் கோலம் போட்டது போல வரிசையாக அடுக்கி வைத்திருந்தன. ஒரு வெண்சங்கு தானாக நகர்வதைப் பார்த்து என் மனைவி குனிந்தாள். உள்ளேயிருந்து ஒரு துறவி நண்டு எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. நாங்கள் அரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அப்படிப்பட்ட அரை மணி நேரத்துக்காகத்தான் நான் உங்களை மூன்று இரவுகள் தங்கச் சொல்கிறேன். அந்தச் சங்கை மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள். நண்டுக்கு அதுதான் வீடு. பவளப்பாறைத் துண்டுகளும் சில வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

அந்தக் காலை வேளையைப் பிடிக்க வேண்டுமானால் கடிகாரத்தைச் சற்று மறக்க வேண்டும். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தொலைவில் இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால், அங்கே சூரியன் தருமபுரியை விட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து, முன்னதாகவே மறைகிறது. மாசியில் ஐந்தே முக்காலுக்குள் விடிந்துவிடும். மாலை ஐந்தரைக்குச் சூரியன் மறைந்துவிடும். ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கரையை 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து, சூரிய அஸ்தமனம் பார்க்க மூன்று மணிக்கே அங்கே வண்டிகள் வந்து குவியத் தொடங்குகின்றன. நீங்கள் அஸ்தமனத்துக்கு ஒரு நாள் போங்கள், அழகான காட்சிதான். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கும் போங்கள். அதே நீண்ட வெண்மணலில், பின்னால் ஓங்கி நிற்கும் காட்டு மரங்களின் நிழலில், நீங்கள் இருவர் மட்டும் நடக்க முடியும்.

அறை பிடிக்கும்போது பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, கடல் ஏற்றமும் வற்றமும். ஸ்வராஜ் தீவில் பல விடுதிகள் கிழக்குக் கரையில், கோவிந்த் நகர், விஜய் நகர் பகுதிகளில் உள்ளன. படத்தில் அறை வாசலில் நீர் தளும்பும். நீர் வற்றும் நேரத்தில் போனால், கடல் வெகு தூரம் உள்வாங்கிப் பாறையும் சேறும்தான் தெரியும், குளிக்க முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் மிகுதி. மாசியில் மகா சிவராத்திரியும் மாசி மகமும் அந்த நாட்களை ஒட்டியே வருகின்றன. 'நாங்கள் தங்கும் நாட்களில் எத்தனை மணிக்கு நீர் ஏறியிருக்கும்?' என்று விடுதியாரிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் அறை எடுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே விடுதியின் தரம் எனக்குப் புரிந்துவிடும்.

மலர்ப் படுக்கை, கேக், மெழுகுவத்தி விருந்து என்று 'ஹனிமூன் சிறப்பு' சேர்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தொகையை ஒரு படி மேலான அறைக்குச் செலவிடுங்கள். ஸ்கூபா டைவிங் செய்ய நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்சியாளர் உடன் வருவார். ஆனால் கடலுக்கடியில் போய் வந்த பிறகு 18 முதல் 24 மணி நேரம் வரை விமானம் ஏறக் கூடாது என்பதால், அதை ஸ்வராஜ் தீவின் முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்காதீர்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. மாலையில் கரையில் மணல் ஈ கடிக்கும், கால்களை மூடும் ஆடை போதும்.

புதுப்பெண்ணுக்கு ஒரு வார்த்தை. திருமண நகைகளை ஊரிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். குறிப்பாகப் புதிதாகப் போட்ட மோதிரம், நீரில் நெடுநேரம் விரல் குளிர்ந்தால் தளர்ந்து கழன்றுவிடும். கடலில் விழுந்த மோதிரத்தைத் தேடி அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மஞ்சள் கயிற்றில் தாலி கோத்திருந்தால், முடிச்சு இறுகியிருக்கிறதா என்று நீரில் இறங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். தீவுகளில் கைப்பேசித் தொடர்பு சீராக இருக்காது என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் ரொக்கமும் வைத்திருங்கள்.

கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்று பலமானால் படகு நிற்கும். படகு இறங்கி அதே நாளில் விமானம் பிடிக்கும் திட்டத்தை யார் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். முதல் நாளில் தவறவிட்ட கோயிலும் கடைத்தெருவும் அந்த மாலையில் பார்க்கலாம். தமிழ் பேசுவோர் அங்கே ஏராளம், இட்லி தோசைக்கும் குறைவில்லை.

புறப்படும் நாளில், பாலக்கோட்டிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரு நகரைக் கடந்து போக வேண்டும். அந்தமான் விமானங்கள் பெரும்பாலும் காலையில் கிளம்புவதால் நள்ளிரவிலேயே வண்டி ஏறுங்கள். பகல் நெரிசலும் இருக்காது.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் அன்றே விமானச்சீட்டும் எடுத்துவிடுங்கள், ஆனால் பெயரில் கவனம் தேவை. திருமணம் ஆகிவிட்டதே என்று மணமகளின் பெயருக்கு முன்னால் உங்கள் முதலெழுத்தைப் போட்டுச் சீட்டு எடுத்துவிடுவார்கள். ஆதாரில் தகப்பனாரின் முதலெழுத்து இருக்கும். இதனால் விமான நிலைய வாசலில் நிறுத்தப்பட்ட தம்பதிகள் உண்டு. எந்த அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் போகிறாரோ, அதில் உள்ளபடியே, தகப்பனார் பெயருடனேயே சீட்டு இருக்கட்டும். சீட்டு வந்ததும் இருவருமாக உட்கார்ந்து, எழுத்துக்கு எழுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.