கிளிக் குறையவில்லை, கமிஷன் ஏன் குறைந்தது?

கேள்வி: வெப் ஹோஸ்டிங் பற்றித் தமிழில் சில வருடங்களாக எழுதி வருகிறேன். ஓர் இந்திய ஹோஸ்டிங் நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில் (என் லிங்க் வழியாக ஒருவர் வாங்கினால் எனக்குக் கமிஷன்) மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் வாக்கில் வந்துகொண்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் அவர்கள் யார் லிங்க்கில் விற்பனை நடந்தது என்று கணக்கு வைக்கும் சொந்த டிராக்கிங்கை விட்டுவிட்டு, பல நிறுவனங்களின் திட்டங்களை நடத்தும் வெளி நெட்வொர்க் ஒன்றுக்கு மாறினார்கள். அதிலிருந்து ஏழாயிரத்தைத் தாண்டவில்லை. கிளிக் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. "தொலைந்த கமிஷனை மீட்டுத் தருகிறேன், அதில் 30 சதவீதம் எனக்கு" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? இல்லை, வேறு திட்டத்துக்கே போய்விடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். லாகின், ஓடிபி, வங்கி விவரம் எதையும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கமிஷன் போகும் வங்கிக் கணக்கு இன்னும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

ஒரு விற்பனை யார் பெயரில் ஏறியது என்ற பதிவு இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஆர்டர் பட்டியல், மற்றது நெட்வொர்க்கின் சர்வர். வெளியாள் எவராலும் இரண்டையும் தொட முடியாது. நீங்களே எழுதக்கூடிய ஒரு மின்னஞ்சலை உங்கள் பெயரில் எழுதுவதற்குத்தான் அவர் 30 சதவீதம் கேட்கிறார். இவரையாவது விட்டுவிடலாம். "எல்லா லிங்கையும் நானே மாற்றித் தருகிறேன்" என்று வேர்ட்பிரஸ் அட்மினுக்குள் நுழைந்து, நன்றாக ஓடும் இரண்டு கட்டுரைகளில் மட்டும் உங்கள் அஃபிலியேட் ஐடிக்குப் பதிலாகத் தன் ஐடியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டிராக்கிங் மாறும் சமயத்தில் வருமானம் எப்படியும் ஏறி இறங்கும் என்பதால் அந்தத் திருட்டு மாதக்கணக்கில் கண்ணில் படாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய லிங்க் பிளகின்களை (லிங்க்குகளை நிர்வகிக்க வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்களை) டெலிகிராமில் இலவசமாகப் பகிர்கிறார்களே, அவற்றையும் தொடாதீர்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். கிளிக் குறையவில்லை என்றால் உங்கள் வாசகர்கள் போய்விடவில்லை. கிளிக்குக்கும் விற்பனைக்கும் நடுவில் எங்கோ உங்கள் ஐடி கழன்று விழுகிறது. பெரும்பாலும் அது பழைய லிங்க்கில்தான் நடக்கும். மாறிய புதிதில் நிறுவனங்கள் பழைய லிங்க்கைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். பக்கம் சரியாகத் திறக்கும். ஆனால் உங்களை அடையாளம் காட்டும் எண் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு நெட்வொர்க்கின் லிங்க் அமைப்பும் வேறு. 2025இல் ஷேர்அசேல் என்ற நெட்வொர்க் மூடப்பட்டு அதன் திட்டங்கள் அவின் என்ற நெட்வொர்க்குக்குப் போனபோதுகூட ஐடி, துணைக்குறியீடு எல்லாவற்றின் பெயரும் மாறியது. அதிகம் படிக்கப்படும் பத்துக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, பிரைவேட் விண்டோவில் லிங்க்கைத் தட்டுங்கள். நெட்வொர்க் டாஷ்போர்டில் அந்தக் கிளிக் ஏறுகிறதா என்று பாருங்கள். உங்கள் பிளகின் காட்டும் கிளிக் கணக்கை நம்ப வேண்டாம். அது உங்கள் தளத்தை விட்டு வெளியே போனதை மட்டும்தான் எண்ணும். சோதனைக்காக நீங்களே ஒரு ஆர்டர் போடவும் கூடாது. சொந்த லிங்க்கில் வாங்குவதைப் பல திட்டங்கள் தடை செய்கின்றன, கணக்கையே முடக்கிவிடுவார்கள். சோதனை ஆர்டரைத் திட்ட மேலாளரைப் போடச் சொல்லுங்கள்.

லிங்க் சரியாக இருந்தும் விற்பனை ஏறவில்லையா? யுபிஐயைச் சந்தேகியுங்கள். பல நெட்வொர்க்குகளில் பணம் கட்டி முடித்ததும் வரும் 'நன்றி' பக்கத்தில் ஒரு சின்ன நிரல் இருக்கும். அந்தப் பக்கம் திறந்தால்தான் விற்பனை உங்கள் பெயரில் பதிவாகும். நம் ஊரில் வாங்குகிறவர் போனில் யுபிஐ ஆப்புக்குப் போய்ப் பின் நம்பர் போடுகிறார், பணம் போனதாகச் செய்தி வருகிறது, அதோடு போனை வைத்துவிடுகிறார். பிரவுசருக்குத் திரும்பி வருவதில்லை. நிறுவனத்துக்குப் பணம் வந்துவிட்டது, வாடிக்கையாளருக்கு ஹோஸ்டிங் கிடைத்துவிட்டது, உங்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் சர்வரே நேராக நெட்வொர்க் சர்வருக்குத் தகவல் அனுப்பும்படி செய்தால் இந்த ஓட்டை அடைபடும். ஐபோன் வாசகர்களுக்கும் இதே தீர்வுதான். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து வெளித் தளங்களின் குக்கீயை (யார் லிங்க்கில் வந்தார் என்பது போன்றவற்றைப் பிரவுசரில் குறித்துவைக்கும் சிறு பதிவை) முழுவதும் தடுக்கிறது. கடையின் பக்கத்திலேயே ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீக்கும் ஏழு நாள்தான் ஆயுள். ஒப்பந்தத்தில் 30 நாள் என்று எழுதியிருந்தாலும் அங்கே செல்லாது.

நிறுவனம் தனியாக நடத்திய திட்டம் பொது நெட்வொர்க்குக்குப் போனால் கூப்பன் தளங்களும் கேஷ்பேக் எக்ஸ்டென்ஷன்களும் (வாங்குகிறவர் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) உள்ளே வந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். கடைசிக் கிளிக்குக்குத்தான் கமிஷன் என்பது பொதுவான விதி. நீங்கள் இரண்டாயிரம் சொற்களில் விளக்கி ஒருவரை வாங்க வைத்தாலும், பணம் கட்டும் பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் கூப்பன் காட்டினால் கமிஷன் அதற்குப் போகிறது. ஹனி என்ற கூப்பன் எக்ஸ்டென்ஷன் மீது இந்தக் குற்றச்சாட்டு 2024 டிசம்பரில் பெரிதாக வெடித்தது. 2025 மார்ச்சில் கூகுளும் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை இறுக்கியது. ஆனாலும் அத்தகையவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னதில் எதுவும் பொருந்தாத ஒரு விதிவிலக்கு உண்டு. டாஷ்போர்டில் தொகை சரியாக இருந்து, வங்கிக்கு வருவது மட்டும் குறைந்தால் அது டிராக்கிங் சிக்கல் இல்லை, வரி. புதிய தளத்தில் பான் எண்ணை மறுபடி பதிந்தீர்களா? பழைய கணக்கிலிருந்து அது தானாக வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். கமிஷனுக்கான டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 2024 அக்டோபர் முதல் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பான் இல்லையென்றால் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்த பானுக்கும் அதே 20தான். 18,000 ரூபாய்க்கு 360 போக வேண்டிய இடத்தில் 3,600 போய்விடும். செயலிழந்த பான் என்றால் இணைத்துச் சரிசெய்யலாம். பானே இல்லாமல் பிடித்த வரி உங்கள் பெயரில் ஏறாது. ரிட்டர்ன் போட்டாலும் திரும்பக் கிடைக்காது. தொகையைப் பிடித்தவர்தான் தன் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்த வேண்டும். அதனால் உடனே எழுதிக் கேளுங்கள். அடுத்த நிதியாண்டு வரை விட்டுவிடாதீர்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் 7,000 டாஷ்போர்டுத் தொகையா, வங்கித் தொகையா என்பது தெளிவாக இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு திட்ட மேலாளருக்கு ஒரே மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: பழைய லிங்க்குகள் என் ஐடியோடு திருப்பிவிடப்படுகின்றனவா, எந்தத் தேதி வரை? விற்பனை சர்வர் வழியாகப் பதிவாகிறதா, 'நன்றி' பக்கத்தில் இருக்கும் நிரல் வழியாகவா? குக்கீ காலம் மாறியதா? முன்பு நான் சேர்த்த வாடிக்கையாளர்கள் புதுப்பிக்கும்போது வந்த கமிஷன் எங்கே? கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள். பழைய வாடிக்கையாளர் பட்டியலைப் புதிய தளத்துக்கு ஏற்றாமலே விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. வருடாவருடம் வந்துகொண்டிருந்த புதுப்பிப்புத் தொகை அதோடு நின்றுபோகும். "உங்கள் லிங்க்கில் வாங்கினேன்" என்று வாசகர் யாராவது எழுதியிருந்தால், அவர் சம்மதத்தோடு ஆர்டர் எண்ணையும் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். அதைவிட வலுவான ஆதாரம் உங்களிடம் வேறு இருக்காது. விடுபட்ட விற்பனையைக் கேட்கக் காலக்கெடு வைத்திருப்பார்கள் என்பதால் தாமதிக்க வேண்டாம்.

"எப்போது வேண்டுமானாலும், முன்னறிவிப்பின்றி மாற்றலாம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். பல வருட உழைப்பில் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு, எந்த விற்பனை விடுபட்டது என்று பார்க்கும் உரிமைகூட இல்லை. தளத்தை மாற்றுவது அவர்கள் முடிவு, நஷ்டம் மட்டும் எழுதுகிறவருக்கு. இதைச் சகித்துக்கொள்ளச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பதில் வராவிட்டால் நெட்வொர்க்கின் உதவிப் பிரிவுக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். லிங்க் இல்லாமலே விற்பனை பதிவாகும்படி உங்களுக்கென்று ஒரு கூப்பன் கோடும் கேட்டு வாங்குங்கள்.

வேறு திட்டத்துக்கு இப்போதே தாவ வேண்டாம். கணக்கை மூடினால் இன்னும் கைக்கு வராத பென்டிங் தொகையும் புதுப்பிப்புக் கமிஷனும் சேர்ந்து போய்விடக்கூடும். புதிதாக எழுதும் கட்டுரைகளில் இன்னொரு நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு பழைய கட்டுரைகளின் லிங்க்குகளை மாற்றலாம்.