மாமன் சீரும் 7 கிலோ கைப்பையும்: பட்ஜெட் விமானத்தில் போகலாமா?

கேள்வி: என் அக்கா கல்யாணமாகிப் போய் மலேசியாவின் பினாங்கில் குடியிருக்கிறார். அவர் மகனுக்கு அங்கே கல்யாணம். நான், மனைவி, 9 வயது மகன், 72 வயதாகும் என் அம்மா என நாலு பேர் தஞ்சாவூரிலிருந்து போகிறோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு பட்ஜெட் விமானத்தில் போக வர தலைக்கு 15,800 ரூபாய் காட்டுகிறது. சென்னையிலிருந்து சாப்பாடு, லக்கேஜ் எல்லாம் சேர்த்துத் தரும் விமானத்தில் 23,500. பட்ஜெட் விமானம் காலை 6.30க்கு கோலாலம்பூரில் இறங்கும். அங்கிருந்து 9 மணிக்குப் பினாங்குக்கு வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் போடலாம் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை முகூர்த்தம். அம்மாவுக்குச் சர்க்கரை, மூட்டு வலி. பட்ஜெட் விமானம் பாதுகாப்பானதா, உண்மையிலேயே லாபமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 15,800 இல்லை, 6.30க்கும் 9 மணிக்கும் நடுவே இருக்கும் இரண்டரை மணி நேரம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பணக் கணக்கு.

நாலு பேருக்குப் பட்ஜெட் விமானத்தில் 63,200 ரூபாய், மற்றதில் 94,000. வித்தியாசம் 30,800. ஆனால் அந்த 63,200 வெறும் நாற்காலிக்கான விலை. இந்த வழித்தடத்தில் பறக்கும் ஏர் ஏசியாவை எடுத்துக்கொண்டால், அடிப்படைக் கட்டணத்தில் ஒருவருக்குக் கையில் 7 கிலோ மட்டும்தான். ஒரு சின்னப் பெட்டி, கூடவே ஒரு தோள்பை, இரண்டும் சேர்த்து 7 கிலோ. பெட்டி 56 செ.மீ. உயரம், 36 அகலம், 23 ஆழத்துக்குள் இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி காலியாக இருக்கும்போதே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். நீங்களோ தாய்மாமன். சீர் கொண்டு போக வேண்டும். பட்டுப் புடவை, வேட்டி, வெள்ளிச் சாமான், அக்காவுக்கு முறுக்கு, அதிரசம், வடகம், புளிக்காய்ச்சல் என்று சேர்ந்தால் 7 கிலோ எந்த மூலைக்கு?

அதனால் போகும்போது இரண்டு பெட்டி, வரும்போது மூன்று பெட்டி லக்கேஜ் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு ஒரு வழிக்கு உத்தேசமாக 3,000 ரூபாய் போட்டால் 15,000. அம்மாவும் பையனும் உங்கள் பக்கத்திலேயே உட்கார இருக்கை தேர்ந்தெடுத்தால், தலைக்கு 500 வீதம் இரு வழிக்கும் 4,000. சாப்பாடு தலைக்கு 450 என்றால் 3,600. ஆக 22,600. முப்பதாயிரமாக இருந்த வித்தியாசம் 8,200 ஆகிவிட்டது.

இங்கேதான் பலர் "அப்படியானால் நல்ல விமானத்திலேயே போய்விடலாமே" என்று முடிவெடுக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது சரியாக வராது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம்தான். சென்னை என்றால் நாலு பேருக்கு ரயில், மீனம்பாக்கத்துக்கு வண்டி, விமான நேரத்தைப் பொறுத்து ஓர் இரவு லாட்ஜ், திரும்பி வரும்போதும் அதே அலைச்சல். மூட்டு வலி உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு இதை நான் செய்யமாட்டேன். உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் மலிவுக் கட்டணத்தால் வருவதில்லை, விமானம் திருச்சியிலிருந்து கிளம்புவதால் வருகிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தலைமை நகரத்தை மையமாக வைத்து ஓடும்போது, திருச்சி, கோவை மாதிரி ஊர்களிலிருந்து நேராகப் பறப்பது பெரும்பாலும் இந்த மலிவு நிறுவனங்கள்தான்.

எப்படி இவ்வளவு குறைத்துத் தருகிறார்கள் என்று சந்தேகம் வருவது இயல்பு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் கதை ஒன்றைச் சொல்வார்கள். 1971இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டே பணமுடை வந்து, இருந்த நாலு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. அட்டவணையைக் குறைக்க மனமில்லை. மூன்று விமானங்களை வைத்தே நாலின் வேலையைச் செய்ய, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பப் பழகினார்கள். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது என்ற அந்தக் கணக்கில்தான் இன்றுவரை இந்தத் தொழில் ஓடுகிறது. ஒரே வகை விமானம், நெருக்கமான இருக்கைகள், ஒரே வகுப்பு, நாள் முழுக்கப் பறப்பு. இந்தியாவில் 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் இதைக் கொண்டுவந்தபோது சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றார்கள்.

பாதுகாப்பில் இந்தச் சிக்கனம் நுழைவதில்லை. ஒரு நாட்டுக்குள் விமானப் பராமரிப்புக்கும் விமானிப் பயிற்சிக்கும் சட்டம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். அதைக் கண்காணிக்கும் அமைப்பும் ஒன்றுதான். 2006இல் தொடங்கிய இண்டிகோவில் இதுவரை உயிர்ப்பலி விபத்து நடந்ததில்லை. மலிவு நிறுவனங்களில் விபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 2010இல் மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2014இல் ஜாவா கடலில் இந்தோனேசிய ஏர் ஏசியா என்று பெரிய துயரங்கள் உண்டு. முழுக்கட்டண நிறுவனங்களிலும் உண்டு. டிக்கெட் விலையை வைத்து விமானத்தின் பாதுகாப்பை அளக்க முடியாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. விமானத்தைத் தரையில் நிற்கவிடாமல் ஓட்டுவதால், காலையில் எங்கோ ஒரு மணி நேரம் தாமதமான அதே விமானம் இரவில் உங்களை ஏற்ற வரும்போது மூன்று மணி நேரம் பிந்தியிருக்கலாம். மாற்று விமானம் கையில் குறைவு. ரத்தானால் உங்களை வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றிவிடும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. அதே நிறுவனத்தின் அடுத்த விமானத்தில் இடம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் பணம் திரும்ப வரும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் புது ஓய்வு நேர விதிக்கு ஈடுகொடுக்க முடியாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பணம் திரும்பக் கிடைத்திருக்கும், முகூர்த்தம் திரும்புமா?

இப்போது உங்கள் இரண்டரை மணி நேரத்துக்கு வருவோம். ஏர் ஏசியா இறங்குவது கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில். பினாங்குக்கு நீங்கள் பார்த்திருக்கும் நிறுவனம் முதல் முனையத்திலிருந்து கிளம்பினால், நடந்து போக முடியாது. நடுவே மூன்று நிமிட ரயில். கேட்கச் சுலபம்தான். ஆனால் விமானத்திலிருந்து இறங்கி, நீண்ட நடை நடந்து, இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டிகள் வரும்வரை காத்திருந்து, சுங்கம் தாண்டி, ரயில் பிடித்து, மறுபடி கவுன்ட்டரில் பெட்டி போட வேண்டும். 9 மணி விமானத்துக்குப் பெட்டி வாங்குவதை 8 மணியை ஒட்டி நிறுத்திவிடுவார்கள். ஆக உங்களுக்கு உள்ளது ஒன்றரை மணி நேரம். அதுவும் திருச்சியிலிருந்து நேரத்துக்குக் கிளம்பினால்.

தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பில்லை. நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டுக் கதவை மூடுவார்கள். இப்படி ஒருமுறை நான் மாட்டியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாற்பது நிமிடத் தாமதத்தால் அடுத்த விமானம் போயிற்று. அன்றைக்குக் கவுன்ட்டரில் வாங்கிய புது டிக்கெட், முதலில் வாங்கிய இரண்டு டிக்கெட்டும் சேர்ந்த விலையைத் தாண்டியது.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, இரண்டு பறப்பையும் ஒரே நிறுவனத்தில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுப்பது. ஏர் ஏசியாவில் இப்படி இணைத்து விற்கும் டிக்கெட்டில் முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் வேலை. இரண்டாவது, 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய சென்னை-பினாங்கு நேரடி விமானம். அதுவும் பட்ஜெட் நிறுவனம்தான். உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள். சென்னை அலைச்சல் உண்டு என்றாலும் நடுவில் மாறும் வேலை இல்லை. மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. கோலாலம்பூர் வரை திருச்சி விமானம், அங்கே நிதானமாக வெளியே வந்து நகரத்திலுள்ள கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இ.டி.எஸ். என்னும் விரைவு ரயில். சுமார் நாலு, நாலரை மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்குத் தீவு. பையனுக்கும் கொண்டாட்டம்.

எந்த வழியானாலும் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே பினாங்கில் இருங்கள். முதல் நாள் போய்ச் சேரும் திட்டத்தை விட்டுவிடுங்கள். மிச்சம் பிடிக்கும் 8,200 ரூபாயை அங்கே ஓர் அறைக்குக் கொடுத்தாலும் தப்பில்லை. மாமனுக்காகக் கல்யாணப் பந்தல் காத்திருக்கும் நிலைமை வேண்டாம்.

தாமதமானால் உரிமை என்ன? மலேசிய விதிப்படி 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். 5 மணி நேரம் தாண்டினால், 2024 செப்டம்பரிலிருந்து, பயணத்தையே வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்திய நிறுவனம் என்றால், நம் நாட்டில் விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதி. முன்கூட்டிச் சொல்லாமல் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று இழப்பீட்டு வரம்பு உண்டு. ஆனால் அந்தத் தொகை, அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அதுதான். அதாவது டிக்கெட் மலிவென்றால் இழப்பீடும் மலிவு. வானிலை போன்ற காரணமானால் அதுவும் இல்லை. இன்னொன்று, நீங்களே ரத்து செய்தால் பணம் வராது என்று எழுதியிருக்கும் டிக்கெட்டிலும், விமான நிலையக் கட்டணம், வரி ஆகியவற்றை இந்தியாவில் திருப்பித் தந்தாக வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

டிக்கெட்டை முடிந்தவரை நிறுவனத்தின் தளத்திலேயே, கிரெடிட் கார்டில் எடுங்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திடீரென்று பறப்பதை நிறுத்தியபோது முன்பதிவு செய்தவர்களின் பணம் திவால் வழக்கில் மாட்டிக்கொண்டது. கார்டில் கட்டியவர்களுக்கு வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்தது.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். உங்கள் அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கலாம், உங்களுக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ஒரே பெயர்தான் என்றால் பல நிறுவனங்கள் அதையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன. பணம் கட்டுமுன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் திருத்தத்துக்குப் பட்ஜெட் நிறுவனங்கள் காசு வாங்கும், சிலசமயம் புது டிக்கெட்டே எடுக்கச் சொல்லும்.

லக்கேஜை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் விலை பல மடங்கு. கவுன்ட்டர் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த முறுக்கு டப்பாவை விட்டுப் போவது என்று கணவன் மனைவி சண்டை போடுவதைத் திருச்சியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே எடை போடும் சின்னக் கொக்கித் தராசு வாங்கி வையுங்கள். வெள்ளி, நகை, அம்மாவின் மாத்திரை, மருந்துச்சீட்டு எல்லாம் கைப்பையில். பவர் பேங்கும் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். புளிக்காய்ச்சலைப் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் குப்பைக்குத்தான் போகும்.

விசா பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா இல்லாமல் 30 நாள் அனுமதி. ஆனால் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், நாலு பேருக்கும் தனித்தனியாக. அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும் என்று குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். பட்ஜெட் விமானங்கள் பல நேரம் கூண்டுப் பாலத்தில் நிற்காமல் தூரத்தில் நிற்கும், பஸ்ஸில் போய்ப் படியேற வேண்டிவரும். படி ஏற முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் தூக்கி ஏற்றும் வண்டி வரும். இருக்கைக்கு இருக்கை 28 முதல் 30 அங்குலம்தான் இடைவெளி, முழங்கால் இடிக்கும், அதனால் அவருக்கு நடைபாதை ஓரத்து இருக்கை. நாலு மணி நேரம் இரவில் பறக்க வேண்டும், போர்வை தரமாட்டார்கள், உள்ளே குளிரும். ஒரு கம்பளிச் சால்வை அவர் மடியில் இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் உடனே வாயில் போட கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரை மிட்டாயோ முந்தானையில் முடிந்து வைக்கச் சொல்லுங்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்று விதி இருந்தாலும், சர்க்கரை நோயாளி என்று சொன்னால் இதற்கெல்லாம் யாரும் தடை சொல்வதில்லை.