துண்டுக்குள் பேச வேண்டியது

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கமுங்க. நான் கோபி பக்கம், உரக்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகள் பதினொன்றாவது படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறாள். வருவாய் மாவட்டப் போட்டியில் 2 நிமிடம் 31 விநாடியில் வந்து இரண்டாம் இடம். போன வருடமும் இரண்டாம் இடம்தான். இரண்டு தடவையும் முதலில் வந்தது ஒரே பெண். வேறொரு அரசுப் பள்ளி. நல்ல உயரம், கிராப்புத் தலை, குரலும் கொஞ்சம் கட்டை. "அது பொண்ணே இல்லீங்க" என்று கேலரியில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். இப்போது நாலைந்து பெற்றோர் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

2025 செப்டம்பரிலிருந்து உலக தடகள அமைப்பே பெண்களுக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது என்று படித்தேன். அங்கே சரி என்றால் இங்கே ஏன் கூடாது? இதே மாதிரி சோதனையில் ஆசியப் போட்டிப் பதக்கத்தை இழந்த நம்ம ஓட்டக்காரி சாந்திக்கு நடந்தது கொடுமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெண்களுக்காக எழுதுகிறவர் நீங்கள். விடிகாலை நாலரைக்கு எழுந்து ஓடுகிற என் மகளும் பெண்தானே? அவளுக்கு நியாயம் வேண்டாமா?

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

பெயர் போடவில்லை. நீங்கள் எழுதியிருந்த அந்தப் பள்ளியின் பெயரையும், அந்தப் பெண்ணின் ஊரையும் நானே எடுத்துவிட்டேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். வேண்டும். உங்கள் மகளுக்கு நியாயம் வேண்டும். இதைச் சொல்லத் தயங்கும் நண்பர்கள் எனக்கு உண்டு, எனக்குத் தயக்கமில்லை. ஆண்களின் 800 மீட்டர் உலக சாதனை டேவிட் ருடிஷா 2012இல் ஓடிய 1:40.91. பெண்களுடையது யார்மிலா க்ராடொக்விலோவா 1983இல் ஓடிய 1:53.28. இரண்டு பேரையும் ஒரே டிராக்கில் விட்டால், ருடிஷா கோட்டைத் தொடும்போது அந்த அம்மா 87 மீட்டர் பின்னால், கடைசி வளைவை விட்டே இன்னும் வெளியே வந்திருக்க மாட்டார். உலகத்திலேயே வேகமான பெண்ணின் நிலைமை இது. பத்து வயது வரைக்கும் பையனும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் ஓடுகிறார்கள். வயதுக்கு வரும்போது டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் பையன்களுக்குத் தசையையும் எலும்பையும் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் கூட்டிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் பெண்களுக்குத் தனிப் போட்டி. தனிப் போட்டி என்றால் ஒரு கோடு வேண்டும். கோடே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

"இயற்கை கொடுத்ததைத் தண்டிக்கலாமா, பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டாவுக்கு மரபணுவிலேயே ரத்தச் சிவப்பணு அதிகம், அவரிடமிருந்து பதக்கத்தைப் பிடுங்கினார்களா" என்று நானே ஒரு கூட்டத்தில் கேட்டு கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த வாதத்தில் பாதிதான் நிற்கும் என்று தோன்றுகிறது. சிவப்பணு குறைந்தவர்களுக்கென்று தனிப் பந்தயம் கிடையாது. பெண்களுக்கு உண்டு.

சரி, கோட்டை எங்கே போடுவது? அறுபது வருடமாக இதில்தான் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள். 1966இல் புடாபெஸ்டில் ஐரோப்பியப் போட்டிக்கு வந்த பெண்களை உடையில்லாமல் மருத்துவர்கள் முன்னால் நடக்கவிட்டார்கள். அது அசிங்கமாகிப்போனதும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் செல்லை எடுத்து குரோமோசோம் பார்க்க ஆரம்பித்தார்கள். தேறியவருக்கு ஒரு சான்றிதழ், 'இவர் பெண்' என்று. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்டினெஸ் பாட்டினோ 1985இல் ஜப்பானில் கோபே நகரத்துக்குப் போனபோது அந்தச் சான்றிதழை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி சோதித்தார்கள். இந்தத் தடவை எக்ஸ்ஒய் என்று வந்தது, அதாவது வழக்கமாக ஆண்களுக்கு இருக்கிற குரோமோசோம். காலில் அடிபட்ட மாதிரி நடி என்றார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தார். அடுத்த வருடம் சொந்த நாட்டில் பேசாமல் விலகிக்கொள் என்று சொன்னபோது மறுத்து ஓடி ஜெயித்தார். உடனே விஷயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. உதவித்தொகையும் சாதனைகளும் விடுதி அறையும் போயின. காதலனும் போய்விட்டான்.

இதில் கூத்து என்னவென்றால், அவர் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தும் உடம்பு அதை ஏற்கவே ஏற்காது. அதாவது அந்த ஹார்மோனால் அவருக்கு ஒரு பைசா ஆதாயம் கிடையாது. கோடு போட்டது எதற்கோ, மாட்டியது யாரோ. மூன்று வருடம் போராடி 1988இல் உரிமையைத் திரும்ப வாங்கினார். அதற்குள் ஓட்டத்தின் நல்ல வயது முடிந்துவிட்டது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்து, ஒய் குரோமோசோமின் அடையாளம் உள்ள 8 பேரைக் கண்டுபிடித்தார்கள். எட்டுப் பேரையும் ஓட விட்டார்கள். இந்தச் சோதனையால் பிரயோஜனமில்லை என்று 1999இல் ஒலிம்பிக் குழு எல்லோருக்கும் செய்வதைக் கைவிட்டது. அப்புறம் வந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது: சந்தேகம் வந்தால் மட்டும் சோதிப்பது. யாருக்கு யார்மேல் சந்தேகம்? புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி மேல். தென்னாப்பிரிக்க ஓட்டக்காரி காஸ்டர் செமன்யா மேல். ஒடிசாவின் ஓட்டக்காரி தூத்தி சந்த் மேல். கறுப்பாக, ஏழையாக இருந்தால் சந்தேகமும் சீக்கிரம் வந்துவிடுகிறது போல.

நடுவில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்த்தார்கள். 2011இல் லிட்டருக்கு 10 நானோமோல் வரை சரி என்றார்கள். தூத்தி சந்த் விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2015இல் அதை நிறுத்தி வைத்தார். 2018இல் அது 5 ஆனது, 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரைக்கும் மட்டும். 2023இல் 2.5, எல்லா ஓட்டத்துக்கும். இப்போது எஸ்ஆர்ஒய் என்ற மரபணு, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருப்பது, கருவை ஆணாக வளரத் தூண்டுவது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், வாழ்நாளில் ஒரே தடவை. 1990இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த குழுவில் ஒருவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே இந்தச் சோதனை போதாது என்கிறார். மரபணு இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். அது வேலை செய்கிறதா, ஹார்மோன் சுரக்கிறதா, சுரந்ததை உடம்பு எடுத்துக்கொள்கிறதா என்று சொல்லாது. பாட்டினோ போன்றவர்களுக்கு இந்தத் தடவை விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குப் பாடம் படித்திருக்கிறார்கள்.

நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒருத்தியை மட்டும் விரல் நீட்டிக் காட்டுவதைவிட எல்லோருக்கும் ஒரே மாதிரி, சத்தமில்லாமல் சோதிப்பது மேல் என்றுதான் எனக்கும் படுகிறது. அந்த முடிவு வெளியே கசியாமல் இருந்தால். அந்தப் பெண்ணுக்கு அதை விளக்கிச் சொல்ல ஒரு நல்ல டாக்டர் பக்கத்தில் இருந்தால். உகாண்டாவின் ஓட்டக்காரி அன்னெட் நெகேசாவுக்கு அப்படி யாரும் இல்லை. 2012இல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டியவர், ஹார்மோன் அளவு அதிகம் என்று நிறுத்தப்பட்டு அறுவை சிகிச்சைக்கு ஆளானார். பழைய ஓட்டம் திரும்பவே இல்லை.

சாந்தி கதை உங்களுக்கே தெரியும். செங்கல் சூளையில் வேலை செய்த அப்பா அம்மாவின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 2:03.16 ஓடி வெள்ளி வாங்கினார், உங்கள் மகள் ஓடுகிற அதே 800 மீட்டரில். சில நாளில் பதக்கம் போயிற்று. அதைக்கூட ஒரு விதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சோதனையில் தோற்றார் என்பதை டிவியில் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. கத்தக்குறிச்சியில் அவர் தெருவில் நடந்து போக வேண்டாமா? தமிழக அரசு கொடுத்த 15 லட்சத்தைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கச் செலவழித்துவிட்டு, 2012இல் தானே சூளைக்குக் கல் சுமக்கப் போனார். பயிற்சியாளர் வேலை பிறகுதான் கிடைத்தது. இவர் போட்டிக்குத் தகுதியானவரா என்று கேட்க ஓர் அமைப்புக்கு உரிமை இருக்கலாம். நீ பெண்தானா என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் சாந்தியின் வாழ்க்கை போயிற்று என்று நினைக்கிறேன்.

இப்போது நம்மூர்க் கதை ஒன்று. நானும் ஒரு காலத்தில் குறுவட்டப் போட்டியில் தொடர் ஓட்டம் ஓடியவள்தான். மூன்றாவது லெக். கடைசி லெக்கில் என் தோழி. பேட்டனைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் அவள் பாதி தூரம் போயிருப்பாள். வெறுங்கால், சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண் தரை. ஒரு வருடம் தோற்ற பள்ளிக்காரர்கள் புரோட்டஸ்ட் கொடுத்தார்கள், "இது பையனாட்டம் இருக்குது" என்று. என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் பி.டி. டீச்சர் அவள் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி சைக்கிளில் ஆள் அனுப்பினார். மஞ்சக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா களைக்கொத்தைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே வந்துவிட்டார். மைக் செட்டு, சாமியானா, நாற்காலியில் நாலு சார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்கள். அந்த அம்மா ஒரு நிமிடம் ஒன்றும் புரியாமல் நின்றார். அப்புறம் சொன்னார்:

"நாந்தானுங்க பெத்தேன். ஊட்டுலதான் பொறந்துச்சு. பார்த்த மருத்துவச்சி செத்துப்போயிட்டாங்க. வேற யாரைக் கூட்டியாரட்டுங்க?"

சார்கள் சிரித்துவிட்டார்கள். புரோட்டஸ்ட் தள்ளுபடி ஆனது, கோப்பையும் எங்களுக்குத்தான் வந்தது. ஆனால் தோழி மட்டும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும்வரை தலையைத் தூக்கவே இல்லை. அடுத்த வருடம் பேர் கொடுக்கவில்லை. கேட்டதற்குக் கால் வலி என்றாள்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நீங்களும் போயிருப்பீர்கள். காளையின் உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணுவார்கள். ரெண்டு பல், நாலு பல் என்று எல்லோர் முன்னாலும்தான். ஆனால் விலை பேசும்போது பார்த்திருக்கிறீர்களா? துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மாட்டு விலைக்கே துண்டு போடுகிற ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் உடம்பைக் கேலரியில் உட்கார்ந்து பேசுகிறோம்.

உலக அமைப்பின் விதி உலகத் தரவரிசையில் கணக்கு வைக்கிற போட்டிகளுக்கு. உங்கள் மாவட்டப் போட்டிக்கு அல்ல. அந்த மனு போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோதிப்பது யார்? முடிவு யார் கையில் போகும்? உங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு எத்தனை மணி நேரத்தில் வரும்? தன் உடம்பில் ஏதோ வேறுபாடு இருப்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம், பல பேருக்கு அப்படித்தான். பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது, உயரமும் கிராப்பும்தான் இருக்கும். சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அவள் 'அந்த டெஸ்ட் எடுத்த புள்ள' ஆகிவிடுவாள். வயதில் சந்தேகம் இருந்தால் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள், தப்பே இல்லை. நம்ம பக்கத்துப் பள்ளிப் போட்டிகளில் வயதை மறைத்து ஓட விடுவதுதான் நிஜமாகவே நடக்கிற மோசடி, அதைப் பற்றி யாரும் மனு எழுதக் காணோம்.

கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. மற்றவர்களிடமும் முடிந்தால் பேசிப் பாருங்கள்.

இதை எழுதும் முன் தோழிக்குப் போன் செய்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருக்கிறாள். பேர் போடாமல் அவள் கதையை எழுதலாமா என்று கேட்டேன், "எழுதிக்கோ" என்றாள். அப்புறம் உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் புள்ளைக்கு டைம் எவ்வளவு?"

உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். உங்கள் மகளின் நேரம் விநாடி சுத்தமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் உயரம், முடி, குரல் எல்லாம் இருக்கிறது. நேரம் மட்டும் இல்லை. தெரிந்தால் எழுதுங்கள், அவளிடம் சொல்ல வேண்டும்.