நடைவண்டி சோறு போடுமா?

கேள்வி: எனக்கு வயது 37. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். பிடித்தம் போக 68,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 58,000. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பி.எஃப். 9 லட்சமும் வங்கி டெபாசிட் 4 லட்சமும் இருக்கின்றன. சிறு வயதிலிருந்தே மரவேலை என்றால் உயிர். சனி, ஞாயிறுகளில் குழந்தைகளுக்கான நடைவண்டி செய்து விற்கிறேன். ஒன்று 1,800 ரூபாய். செலவு போக 950 நிற்கிறது. கடந்த ஆண்டு 130 விற்றன. இந்த நிறுவனத்தில் சேர்ந்து நாலே கால் வருடம் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து வாடகைக்குப் பட்டறை பிடித்து, முழு நேரமும் இதில் இறங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் கடிதத்தில் வேங்கைப் பலகையின் ரேகையைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி இருந்தது (இடம் கருதி இங்கே சுருக்கிவிட்டேன்). வாங்குகிறவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி. அதனால்தான் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

வண்டி ஒன்றுக்கு ஆறு மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 950 ரூபாயை ஆறால் வகுத்தால் மணிக்கு 158. எட்டு மணி நேர வேலைநாளுக்கு 1,267 ரூபாய். கைதேர்ந்த தச்சர் ஒருவரை நாள் கூலிக்கு அழைத்தால் ஏறக்குறைய இதைத்தான் கேட்பார். ஆக, நீங்கள் லாபம் என்று சொல்வது உங்கள் கூலி. தொழிலின் லாபம் இன்னும் பிறக்கவே இல்லை. இப்போது பட்டறை உங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம். வாடகை இல்லை, மின்சாரமும் வீட்டுக் கணக்கில் ஓடுகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் கணக்குப்படி மாதம் 32,000 மிஞ்ச வேண்டும். இத்தனை வருடச் சம்பளத்துக்கு டெபாசிட் 4 லட்சம்தான் என்றால் மீதி எங்கே போனது? கொஞ்சம் பலகையாகவும் ரம்பமாகவும் மாறியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அவையெல்லாம் அந்த 950-க்குள் வந்தனவா?

வேலையை விட்டால் வீட்டுக்கு மாதம் 36,000 துண்டு விழும். அதை ஈடுகட்ட 38 வண்டிகள் விற்க வேண்டும். பட்டறை வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 9,500 என்று வைத்தால் இன்னும் பத்து. மொத்தம் 48 வண்டிகள், 288 மணி நேரம், அதாவது 36 வேலை நாட்கள். மாதத்தில் அத்தனை நாள் கிடையாது. மரம் வாங்கப் போவதும், பார்சல் கட்டுவதும், "சக்கரம் கிறீச்சிடுகிறது" என்று தொலைபேசியில் அழைப்பவருக்குப் பதில் சொல்வதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

பிடித்ததைச் செய்தால் பணம் தானாக வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் பலருக்கு அந்தப் பேச்சே தொழில். பிடித்த வேலை பொறுமையைத் தரும், வாடிக்கையாளரைத் தராது.

சட்டப் பக்கமும் பாருங்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக் கண்காட்சியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரரும் இணைய விற்பனைத் தளமும் கேட்பார்கள். பெங்களூருக்கும் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு. எல்லை தாண்டினால் கதை வேறு. பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்குச் சலுகை இருக்கிறது. உங்கள் பொருள் அதில் அடங்குமா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். அதற்கும் முன்பாக, உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்து, வெளியே தொழில் செய்யத் தடை இருக்கிறதா என்று படியுங்கள்.

இப்போது ராஜினாமா செய்யாதீர்கள். இன்னும் ஒன்பது மாதத்தில் ஐந்து வருடம் நிறைகிறது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 34,000 என்பதால், அன்று பணிக்கொடையாக (கிராஜுவிட்டி) குறைந்தது 98,000 ரூபாய் வரும். இன்று போனால் பூஜ்யம். ஒரு நல்ல ரம்ப மேசை வாங்கும் பணத்தை யாராவது வாசலில் விட்டுவிட்டு வருவார்களா?

அந்த ஒன்பது மாதத்தில் முதல் வேலை, ஆறு மணி நேரத்தை மூன்றரையாக்குவது. பம்ப் பாகங்களை வரையும் உங்களுக்கு ஜிக் (ஒரே அளவில் திரும்பத் திரும்ப அறுக்கவும் துளையிடவும் உதவும் அச்சுச் சட்டம்) செய்வதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரங்களைக் கடைசல் பட்டறைக்குக் கொடுங்கள். பலகை அறுப்பதை இருபது வண்டிக்கு ஒரே மூச்சில் முடியுங்கள். மாலையில் ஒன்றைத் தொடங்கி, அதையே இழைத்து, அதையே மெருகேற்றி மகிழும் சுகம் போய்விடும், தெரியும். கடைசல் கூலிக்கு ஏற்ப விலையை ஏற்றி, வண்டிக்கு 950 குறையாமல் பார்த்துக்கொண்டால், அதே 48 வண்டிகள் 168 மணி நேரத்தில், 21 நாளில் முடிந்துவிடும். பொட்டலம் கட்டவும் ஆர்டர் பிடிக்கவும் நாள் மிஞ்சும்.

ஆனால் இருபதாவது வண்டியிலும் உங்களுக்கு அதே பிரியம் இருக்குமா? புதிதாக ஒன்றை வடிவமைப்பதுதான் பிடிக்கும், திரும்பத் திரும்பச் செய்வது பிடிக்காது என்று தெரியவந்தால், இதை விடுமுறை நாள் வேலையாகவே வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 1,23,500 ரூபாய் தரும் பொழுதுபோக்கு எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

வெளியேறுவதற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: வேலையில் இருந்துகொண்டே, சனி ஞாயிறு உழைப்பிலேயே, மாதம் 20,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் தொடர்ந்து மிஞ்ச வேண்டும். கண்காட்சி நடந்த மாதத்தை மட்டும் எடுத்துக்காட்டக் கூடாது. ஆடி மாதத்தையும் சேர்க்க வேண்டும். கூடவே டெபாசிட் 7 லட்சம் ஆகியிருக்க வேண்டும். மிச்சமாகும் 32,000-ஐ அப்படியே போட்டால் ஒன்பது மாதத்தில் கிட்டத்தட்ட அந்தத் தொகை வந்துவிடும். வண்டியே விற்காவிட்டாலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் வீடு ஓடும்.

குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டை இந்த மாதமே தனியாக எடுங்கள். நிறுவனக் காப்பீடு ராஜினாமாவோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். அது வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும்.

பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம். 2023-24, 2024-25 இரு ஆண்டுகளிலும் 8.25 சதவீத வட்டி தந்த சேமிப்பு அது. பட்டறை நொடித்தாலும் உங்கள் முதுமைக்கென்று நிற்கப்போவதும் அதுதான். இயந்திரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் சிறு தொழில்களுக்கான முத்ரா கடனில் 'கிஷோர்' பிரிவு 5 லட்சம் வரை, சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். அதற்கு வங்கி உங்கள் வரவு செலவைக் கேட்கும். ஆகவே இந்த வாரமே நடைவண்டிக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, விற்ற காசு, மரக்கடை பில், கூரியர் செலவு எல்லாவற்றையும் அதன் வழியாகவே ஓட்டுங்கள்.