மறதி நோயுள்ள அம்மா எப்போது கேட்டாலும் வலி ‘அஞ்சு’ என்கிறார்: பதில்

‘பத்துக்கு எவ்வளவு வலி?’ என்று எண் கேட்பதை விட்டுவிட்டு, நடத்தையைப் பார்த்து வலியை மதிப்பிடும் பெயினாட் (PAINAD) அளவுகோலுக்கு மாறுங்கள். இடுப்பு அறுவைக்குப் பின் காலையும் இரவும் “அஞ்சு” என்றே சொல்கிறார் என்கிறீர்கள். மறதி முற்றியவர்களுக்கு வலியை எண்ணாக்கிச் சொல்வது கடினம். பெரும்பாலும் பழகிய விடைதான் வாயில் வரும்.

பெயினாட்டில் மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. சும்மா படுத்திருக்கும்போது ஒருமுறை பாருங்கள், அப்புறம் புரட்டிப் படுக்கவைக்கும்போது இன்னொருமுறை. இந்த இரண்டாவதைத் தயவுசெய்து விடாதீர்கள். அசையாமல் கிடப்பவரைப் பார்த்து வலியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அசைக்கும்போது மட்டும் மதிப்பெண் ஏறினால், பிசியோதெரபி பயிற்சிக்கு முன்பே வலி மருந்து தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் இதில் வரும் 6, ஒருவர் தானே சொல்லும் 6-க்குச் சமமல்ல. சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், பயம் இவையும் மதிப்பெண்ணை ஏற்றும், அவற்றையும் பாருங்கள்.